கடலடி மண்ணின் நலத்தைக் கணிப்பது எப்படி: மாதிரி எடுப்பதிலிருந்து மதிப்பெண் வரை

கடலோரத்தில் ஓர் இடம் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் தண்ணீரைத்தான் முதலில் பாட்டிலில் பிடிக்கிறார்கள். தண்ணீர் ஓதத்துக்கு ஓதம் மாறிவிடும். நேற்றிரவு கழிவைத் திறந்துவிட்டிருந்தால்கூட இன்று மதியத் தண்ணீரில் அது தெரியாமல் போகலாம். அடிமண்ணுக்குள் வாழும் புழுக்களும் மட்டிகளும் சிறு நண்டினங்களும் அப்படி நகர்ந்துவிட முடியாது. அவற்றில் பல, சில மாதங்களிலிருந்து சில ஆண்டுகள்வரை அதே இடத்தில் கிடப்பவை. வந்த கேட்டைத் தாங்குகிறவை மட்டுமே மிஞ்சும். அதனால்தான் சேறும் மணலுமான கடலடியை மதிப்பிடும் வேலையில் பெரும்பகுதி இந்த உயிர்களைப் பிடித்து, பெயர் கண்டு, எண்ணுவதில் போகிறது. கீழே உள்ளது முக்கியமாக அதைப் பற்றியே. கடற்புல்லும் பாறையும் கடைசியில் சுருக்கமாக வரும்.

எதோடு ஒப்பிடுவது?

இதை முடிவு செய்யாமல் படகில் ஏற வேண்டாம். ஒரு மாதிரியில் 22 இனங்கள் இருந்தன என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது. அதே ஆழம், அதே உப்புத்தன்மை, முக்கியமாக அதே மண்துகள் அளவு கொண்ட, பாதிப்பில்லாத இடத்தில் எத்தனை இருக்கின்றன என்பது தெரிந்தால்தான் 22 கூடுதலா குறைவா என்று சொல்ல முடியும். கழிவுக்குழாய்க்கு அருகே சேறு, ஒப்பீட்டு இடத்திலோ சுத்தமான மணல் என்று இருந்துவிட்டால், நீங்கள் அளப்பது மாசை அல்ல, சேற்றுக்கும் மணலுக்கும் உள்ள வேறுபாட்டை. இந்தத் துறையில் வெளியாகும் தவறான முடிவுகளில் கணிசமானவை இங்கேதான் பிறக்கின்றன. எனவே முழு ஆய்வுக்கு முன் ஒருநாள் மண்ணை மட்டும் அள்ளிப் பார்த்து, 63 மைக்ரானுக்குக் கீழான நுண்துகள் எத்தனை சதவீதம் என்று கண்டுவிட்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஒருநாள் வீண் போகாது.

ஒப்பீட்டு இடம் ஒன்று போதாது. இரண்டு மூன்றாவது வேண்டும். ஒன்றே ஒன்றை வைத்தால், அங்கே தற்செயலாக ஏற்பட்ட ஏற்ற இறக்கத்தைப் பாதிப்பு என்று எண்ணிவிட நேரும். புதிதாக ஒரு கட்டுமானம் வரப்போகிறது என்றால், அதற்கு முன்பே இரு பக்கமும் மாதிரி எடுத்து வைப்பதற்கு ஈடு வேறில்லை. ஏற்கெனவே இருக்கும் கழிவுக்குழாய் என்றால், அதிலிருந்து விலகிச் செல்லும் ஒரு வரிசையை வையுங்கள்: 50, 100, 250, 500, 1000 மீட்டர் என்று, நீரோட்டம் ஓடும் திசையிலேயே. கரைக்குக் குறுக்காக வரிசை போட்டால் ஆழமும் மண்ணும் சேர்ந்து மாறிவிடும். பிறகு எது எதனால் மாறியது என்று பிரிக்கவே முடியாது.

கழிமுகங்களில் இன்னும் கவனம் தேவை. அங்கே உப்பு ஏறி இறங்குவதாலும் இலைதழைச் சேறு இயல்பாகவே படிவதாலும் இனங்கள் குறைவாகவும், தாங்கும் இனங்கள் அதிகமாகவும்தான் இருக்கும். மாசுபட்ட கடலின் தோற்றமும் அதேதான். திறந்த கடலுக்கு வகுத்த அளவுகோலைக் கழிமுகத்துக்குப் பயன்படுத்தினால் நல்ல கழிமுகமும் நோயாளி ஆகிவிடும்.

பருவமும் ஒன்றாக இருக்க வேண்டும். குஞ்சுகள் வந்து படியும் மாதத்தில் எடுத்தால் ஒரே மட்டியின் ஆயிரம் குஞ்சுகள் மொத்தக் கணக்கையும் விழுங்கிவிடும். ஆண்டுக்கு ஒருமுறைதான் முடியும் என்றால் அந்தப் பருவத்துக்கு முன்போ, நன்றாகக் கழிந்த பிறகோ, ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் எடுக்கவும்.

மண்ணை அள்ளுவது

படகிலிருந்து வேலை செய்பவர்களுக்கு வழக்கமான கருவி, இரு தாடைகள் மூடி மண்ணைக் கவ்வும் வான் வீன் கிராப். பெரும்பாலான வழிகாட்டிகள் 0.1 சதுர மீட்டர் பரப்பு அள்ளும் அளவையே அடிப்படையாகக் கொள்கின்றன. ஓர் இடத்துக்கு மூன்று முதல் ஐந்து மாதிரிகள். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுவது எரிபொருளை மிச்சப்படுத்தும், ஆய்வைக் கெடுக்கும். ஒரே இடத்திலேயே மாதிரிக்கு மாதிரி எவ்வளவு வேறுபடுகிறது என்று தெரியாமல் இரண்டு இடங்கள் வேறு வேறு என்று சொல்ல வழியில்லை.

கிராப்பை வேகமாக இறக்கக் கூடாது. அது தள்ளிக்கொண்டு வரும் நீர், மேலே மெத்தென்று படிந்திருக்கும் படலத்தையும் அதில் வாழும் சிற்றுயிர்களையும் ஊதித் தள்ளிவிடும். கடைசி 5 மீட்டரில் வினாடிக்கு அரை மீட்டருக்கும் குறைவாக இறக்கவும். தரையைத் தொட்டதும் கயிறு தளரும். ஒரு கணம் விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கவும். கயிறு சாய்ந்திருந்தால் கிராப் சாய்வாகக் கடிக்கும், பரப்பு குறையும். படகு அடித்துச் செல்லப்படும் நாளில் இது அடிக்கடி நடக்கும்.

மேலே வந்ததும் திறந்து கொட்டிவிடாதீர்கள். முதலில் தாடை முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். சிப்பியோ கல்லோ இடையில் சிக்கி நீர் வழிந்திருந்தால் அந்த மாதிரி ஆகாது. மேல்மூடிகளைத் திறந்து, மண்ணின் மேற்பரப்பு குலையாமல் இருக்கிறதா, மண் மூடிவரை நிரம்பிப் பிதுங்குகிறதா என்று பாருங்கள். பிதுங்கியிருந்தாலும் ஆகாது, மேல்படலம் போய்விட்டது என்று பொருள். நடுவில் அளவுகோலை விட்டு ஆழம் பாருங்கள்: சேற்றில் குறைந்தது 7 செ.மீ., இறுகிய மணலில் குறைந்தது 5 செ.மீ. கிடைக்க வேண்டும். குறைந்தால் எறிந்துவிட்டு மறுபடி எடுக்கவும். அரைகுறையாக வந்த இரண்டைச் சேர்த்து ஒன்றாகக் கணக்குப் போடுவது ஒருபோதும் கூடாது. மேல்மண் இரட்டிப்பாகி, ஆழத்தில் வாழ்பவை காணாமல் போகும். இறுகிய மணலில் தொடர்ந்து ஆழம் போதவில்லை என்றால் கிராப்பில் எடைக்கட்டிகளைக் கூட்டவும்.

படகு இல்லாமல், வற்றும்போது வெளிப்படும் திடலில் வேலை என்றால் குழாய் போதும். உள்விட்டம் 11.3 செ.மீ. உள்ள பிளாஸ்டிக் குழாய் சரியாக 0.01 சதுர மீட்டர் பரப்பைத் தரும். அத்தகைய பத்து சேர்ந்தால் ஒரு கிராப் அளவு. 15 முதல் 20 செ.மீ. ஆழம்வரை அழுத்தி, மேல்வாயை அடைத்து, சுற்றிலும் தோண்டி அடியில் கை கொடுத்து எடுக்கவும். வற்று அடிமட்டத்துக்கு வருவதற்கு முன்பே தாழ்ந்த பகுதியில் நின்றுவிட்டு, நீர் ஏறும்போது மேட்டுப்பகுதிக்கு நகர்வதுதான் பாதுகாப்பும் வசதியும்.

ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரு கிராப் மாதிரியில் கிடைத்த உயிர்களின் எண்ணிக்கையைச் சதுர மீட்டருக்கு மாற்றப் பத்தால் பெருக்கலாம். இனங்களின் எண்ணிக்கையைப் பெருக்க முடியாது. பரப்பு கூடும்போது இனங்கள் மெதுவாகத்தான் கூடும். வெவ்வேறு பரப்பில் எடுத்த இனக் கணக்கை நேராக ஒப்பிடுவதும் அதே காரணத்தால் தவறு.

கொட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

மூடியைத் திறந்த அந்த ஓரிரு நிமிடம் மிக மதிப்புள்ளது. மேற்பரப்பில் மண்துகள்களை ஒட்டிக் கட்டிய புழுக்குழாய்கள் நேராக நிற்கின்றனவா, வளைகள் தெரிகின்றனவா, வெள்ளைச் சிலந்திவலை போல ஏதும் படர்ந்திருக்கிறதா? அந்த வெள்ளை பெரும்பாலும் சல்பைடை உண்டு வாழும் பெக்கியாடோவா பாக்டீரியா. அதைக் கண்டால் அந்த இடத்தில் கரிமச் சுமை, அதாவது அழுகும் கழிவு, மிகுந்து பிராணவாயு தீர்ந்துவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

பிறகு ஓரமாக ஒரு வெட்டு வெட்டி நிறத்தைப் பாருங்கள். மேலே பழுப்பு, கீழே சாம்பல் அல்லது கறுப்பு. பழுப்பு முடியும் ஆழத்தைச் செ.மீ. கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே பிராணவாயு இல்லாமல் இரும்பு சல்பைடு உண்டாகி மண்ணைக் கறுப்பாக்கியிருக்கிறது. உயிர்ப்புள்ள சேற்றில் கறுப்புக்குள்ளும் வளைகளின் சுவரை ஒட்டி ஒரு பழுப்பு விளிம்பு ஓடும். புழு தன் வளைக்குள் நீரைப் பாய்ச்சிக்கொண்டே இருப்பதன் அடையாளம் அது. கறுப்பு மேற்பரப்புவரை வந்து, அழுகிய முட்டை நாற்றமும் இருந்தால் நிலைமை மோசம். ஆனால் சொரசொர மணலில் நீர் தாராளமாக உள்ளே போவதால் பழுப்பு ஆழமாகவும், அசைவற்ற உப்பங்கழிச் சேற்றில் இயல்பாகவே ஆழம் குறைவாகவும் இருக்கும். இங்கும் ஒப்பீட்டு இடம்தான் நீதிபதி.

மண்ணின் ஆக்சிஜனேற்ற நிலையை மில்லிவோல்ட்டில் காட்டும் ரெடாக்ஸ் மீட்டர் இருந்தால் 1, 2, 4 செ.மீ. ஆழங்களில் பிளாட்டினம் முனையைச் செருகி, எண் நிலைகொள்ளும்வரை காத்திருந்து எழுதுங்கள். வெள்ளி-வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு மின்முனை என்றால் மீட்டர் காட்டும் எண்ணோடு சுமார் 200 மில்லிவோல்ட் சேர்த்தால்தான் வழக்கமான ஹைட்ரஜன் அளவுகோலுக்கு வரும். இதைச் சேர்த்தவரும் சேர்க்காதவரும் தங்கள் எண்களை ஒப்பிட்டுச் சண்டை போடுவது அடிக்கடி நடக்கிற கூத்து.

மண்துகள் அளவு, கரிமச்சத்து, உலோகம் ஆகியவற்றுக்கான மண்ணை உயிர்கள் எண்ணும் மாதிரியிலிருந்து எடுக்காமல் வேறொரு கிராப்பிலிருந்து எடுக்கவும். மேல் 2 செ.மீ. மட்டும் போதும். உலோகம் பார்ப்பதானால் பிளாஸ்டிக் கரண்டி, எண்ணெய் மாசு பார்ப்பதானால் உலோகக் கரண்டியும் கண்ணாடிப் புட்டியும். அடிநீரின் பிராணவாயுவையும் தரைக்கு ஒரு மீட்டருக்குள் அளந்துவிடுங்கள். லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான உயிர்களுக்கு மூச்சுத் திணறல். மேல்நீரில் அளந்த எண் கடலடியைப் பற்றி எதையும் சொல்லாது.

சல்லடையும் ஃபார்மலினும்

சல்லடைக் கண் 1 மி.மீ. அல்லது 0.5 மி.மீ. வெப்பக் கடல்களில் உயிர்கள் உருவில் சிறியவை என்பதால் 0.5 நல்லது. எதை எடுத்தாலும் ஆய்வு முடியும்வரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் மாற்றினால் பழைய தரவோடு ஒட்டாது. மண்ணை வாளியில் கடல்நீர் விட்டுக் கரைத்துச் சிறிது சிறிதாக ஊற்றவும். குழாயைப் பீய்ச்சுவதோ விரலால் தேய்ப்பதோ கூடாது. பாலிகீட் புழுக்கள் துண்டு துண்டாகிப் பெயர் காண முடியாமல் போவது பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான். களிமண் உருண்டைகள் கரையவில்லை என்றால் சல்லடையைத் தொட்டிநீரில் பாதி மூழ்கவைத்து மெல்ல ஆட்டினால் போதும். உயிரோடு இருக்கும் மெல்லிய புழுக்கள் சல்லடைக் கண் வழியே நெளிந்து தப்பிவிடும் என்பதால் கழுவிய பின் சல்லடையில் நீண்ட நேரம் விட்டுவைக்காதீர்கள்.

கடையில் வரும் ஃபார்மலின் 37 முதல் 40 சதவீத ஃபார்மால்டிஹைடு. அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு கடல்நீர் சேர்த்தால் தேவையான 4 சதவீதம் கிடைக்கும். வெண்காரம் கலந்து அமிலத்தன்மையை நீக்குங்கள். இல்லையேல் மட்டியின் மெல்லோடும் நொறுங்கு நட்சத்திர மீனின் தகடுகளும் கரைந்துபோகும், பிறகு பெயர் காண ஆதாரமே இருக்காது. புட்டியில் மண்ணும் உயிரும் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. மூடிய பின் மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கவும். லிட்டருக்கு 0.1 கிராம் ரோஸ் பெங்கால் சாயம் சேர்த்தால் ஃபார்மலினில் போடும்போது உயிரோடு இருந்தவை இளஞ்சிவப்பாகத் தெரியும், பொறுக்குவது பாதி வேலையாகும். ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதியானது: கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். மரபணு ஆய்வும் வேண்டுமானால் அதற்கு ஃபார்மலின் படாத தனி மாதிரி எடுத்து 95 சதவீத எத்தனாலில் போடுங்கள்.

பென்சிலால் எழுதிய நீர்புகாத் தாள்சீட்டு புட்டிக்கு உள்ளே. மார்க்கரில் எழுதியது வெளியே. மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறும்.

பொறுக்குதல், பெயர் காணுதல்

மூன்று நான்கு நாட்களாவது ஊறிய பின், காற்றுறிஞ்சி உள்ள இடத்தில் அதே கண் அளவுச் சல்லடையில் நன்கு அலசி, 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றவும். தட்டில் சிறிது சிறிதாகப் போட்டு, உருப்பெருக்கியின் கீழ் எல்லா உயிர்களையும் பொறுக்கி, புழுக்கள், மட்டிகள், நண்டினங்கள், முட்தோலிகள் (நட்சத்திர மீன் போன்றவை), மற்றவை என்று பிரிக்கவும். மணல் மாதிரியில் நீர் விட்டுச் சுழற்றி, மிதப்பதை முதலில் வடித்துக்கொண்டால் இலகுவானவை வந்துவிடும்; ஆனால் மட்டிகள் அடியில் தங்கும், அதையும் பார்க்காமல் விடக் கூடாது.

எண்ணும்போது தலையுள்ள துண்டுகளை மட்டும் எண்ணுங்கள். வால்துண்டுகளை எண்ணினால் ஒரு புழு மூன்றாகிவிடும். வெற்றோடுகள் கணக்கில் சேராது. நெமடோடு என்னும் நுண்புழு, கோபிபாடு என்னும் நுண் நண்டினம் போன்றவை இந்தச் சல்லடைக்கு உரியவை அல்ல, தற்செயலாகச் சிக்கியவை. அவற்றை விட்டுவிட்டு, விட்டதைக் குறிப்பில் எழுதவும்.

பொறுக்கிய மாதிரிகளில் பத்தில் ஒன்றை இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும். முதலில் எடுத்தது மொத்தத்தில் 95 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் திரும்பப் பொறுக்குவது கசப்பான வேலை. ஆனாலும் செய்யத்தான் வேண்டும், தவறவிடுபவை எப்போதும் சிறியவை, சிறியவைதான் பெரும்பாலும் மாசு காட்டும் இனங்கள். கேப்பிடெல்லா புழு நூல் போல மெலிந்து, சிவந்து, தொட்டால் அறுந்துவிடும். வேர்த்துண்டு என்று ஒதுக்குவது எளிது.

இனம்வரை பெயர் காண ஆளில்லை என்றால் குடும்ப மட்டத்தில் நிறுத்தலாம். பெரிய பாதிப்பு இருக்கிறதா என்று தெரிய அதுவே பலமுறை போதும்.

எண்களைச் செய்தியாக்குதல்

2000ஆம் ஆண்டில் போர்ஹாவும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த ஆம்பி குறியீடு இன்று பரவலாக இருக்கிறது. ஒவ்வோர் இனத்தையும் கரிமச் சுமையை எவ்வளவு தாங்கும் என்பதைக் கொண்டு ஐந்து குழுக்களில் ஒன்றில் வைக்கிறார்கள்: முதல் குழு சிறிதும் தாங்காதவை, ஐந்தாம் குழு கேப்பிடெல்லா போன்ற, மற்றவை அழியும்போது பெருகுபவை. மொத்த உயிர்களில் ஒவ்வொரு குழுவின் சதவீதத்தையும் முறையே 0, 1.5, 3, 4.5, 6 ஆல் பெருக்கி, கூட்டி, 100 ஆல் வகுக்கவும்.

குழுக்கள் வரிசையாக 20, 30, 30, 5, 15 சதவீதம் என்றால்: 0 + 45 + 90 + 22.5 + 90 = 247.5, குறியீடு 2.48. வேறோர் இடத்தில் 2, 8, 20, 25, 45 என்றால்: 0 + 12 + 60 + 112.5 + 270 = 454.5, குறியீடு 4.55. ஐரோப்பிய நீர்ச்சட்ட மதிப்பீடுகளில் 1.2 வரை மிக நன்று, 3.3 வரை நன்று, 4.3 வரை நடுத்தரம், 5.5 வரை மோசம், அதற்கு மேல் மிக மோசம். உயிரே இல்லாத மண்ணுக்கு 7 என்று வைப்பார்கள். முதல் இடம் நன்று, இரண்டாவது மோசம்.

இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாத இடங்கள் உண்டு. குழு ஒதுக்கப்படாத உயிர்கள் 20 சதவீதத்தைத் தாண்டினால், அல்லது மாதிரியில் இனங்களோ உயிர்களோ மிகக் குறைவாக இருந்தால் முடிவு தள்ளாடும். குழுப் பட்டியல் முதலில் ஐரோப்பியக் கடல்களில் உருவானது. மற்ற கடல்களில் அதே பெயருள்ள புழு வேறு இயல்போடு இருக்கலாம். வகுப்பு எல்லைகளை அந்தந்தக் கடலின் ஒப்பீட்டு இடங்களைக் கொண்டு திருத்தாமல் அறிக்கையில் ஒட்டுவதைவிட, குறியீட்டை மட்டும் தந்து வகுப்பைச் சொல்லாமல் விடுவது நேர்மை. ஆம்பியோடு இன எண்ணிக்கையையும், இனங்கள் எத்தனை, அவற்றில் உயிர்கள் எவ்வளவு சமமாகப் பரவியுள்ளன என்பதை ஒரே எண்ணில் சொல்லும் ஷானன் பன்மைக் குறியீட்டையும் இணைக்கும் எம்-ஆம்பிக்கும் ஒப்பீட்டு நிலையை நீங்களே கொடுக்க வேண்டும்.

ஷானனில் ஒரு பொறி: மடக்கையின் அடி. அடி 2 என்று கணக்கிட்ட 3.0உம் இயல் மடக்கையில் கணக்கிட்ட 2.08உம் ஒன்றேதான். எந்த அடி என்று எழுதாத எண்ணை வேறு அறிக்கையோடு ஒப்பிட வேண்டாம்.

உயிர்களின் எடையும் எடுத்திருந்தால் வார்விக் 1986இல் முன்வைத்த முறையில் இரண்டு கோடுகள் வரையலாம்: ஒன்று எண்ணிக்கைக்கு, ஒன்று எடைக்கு, இரண்டும் பெரிய பங்கு கொண்ட இனத்திலிருந்து கூட்டிக்கொண்டே போவது. குலையாத இடத்தில் நீண்டநாள் வாழும் பெரிய உயிர்களால் எடைக்கோடு மேலே நிற்கும். கெட்ட இடத்தில் சிறுபுழுக்கள் பெருகி எண்ணிக்கைக்கோடு மேலே போகும். ஒரே ஒரு பெரிய மட்டி படத்தைப் புரட்டிப் போட்டுவிடும் என்பதால் அதை நீக்கியும் ஒருமுறை வரைந்து பாருங்கள்.

சேர்த்துப் படிப்பது

அனுபவம் தேவைப்படும் இடம் இதுதான். இனங்கள் குறைவு, கேப்பிடெல்லா கூட்டம், மண் கறுப்பு, கரிமம் அதிகம்: இது கரிமச் சுமை, சாக்கடையோ மீன் வளர்ப்புக் கூண்டோ காரணமாக இருக்கலாம். பியர்சனும் ரோசன்பெர்க்கும் 1978இல் விவரித்த வரிசைப்படி, சுமையின் மையத்தில் உயிர் இராது, அதையடுத்து சில இனங்களின் பெருங்கூட்டம், அதற்கும் அப்பால் இனங்கள் இயல்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகக்கூட இருக்கும் ஒரு விளிம்பு, பிறகு இயல்பு நிலை. அந்த விளிம்பில் மட்டும் மாதிரி எடுத்துவிட்டு எல்லாம் செழிப்பு என்று எழுதியவர்கள் உண்டு.

இனங்கள் குறைவு, ஆனால் மண் பழுப்பு, கரிமம் இயல்பு, பெரியவையும் மெல்லோடு கொண்டவையும் மட்டும் காணோம் என்றால் அடிமண்ணைக் கிளறும் இழுவலையையோ தூர்வாரலையோ சந்தேகிக்கலாம். மண்ணும் கரிமமும் பிராணவாயுவும் நன்றாக இருந்தும் எல்லாமே குறைவு, குறிப்பாக ஆம்பிபாட் என்னும் சிறு நண்டினங்கள் அறவே இல்லை என்றால் நஞ்சைத் தேடுங்கள். எந்த நஞ்சு என்று உயிர்க்கணக்கு சொல்லாது. ஓர் அரிய விதிவிலக்கு கடல்நத்தைகள்: பெண் நத்தைக்கு ஆண்குறி முளைத்திருந்தால் அது கப்பல் பூச்சுகளில் இருந்த ட்ரைபியூட்டைல் டின்னின் வேலை. 2008இல் அமலுக்கு வந்த சர்வதேச உடன்படிக்கை அதைத் தடுத்தாலும் பழைய துறைமுகச் சேற்றில் அது இன்னும் கிடக்கிறது.

உலோக அளவுகளை நேராக ஒப்பிடக் கூடாது. நுண்துகளில்தான் உலோகம் ஒட்டும். சேறு அதிகமான இடம் எப்போதும் அதிகம் காட்டும். அலுமினியத்துக்கோ நுண்துகளுக்கோ உள்ள விகிதமாக மாற்றிய பிறகே பேசவும். கரிமத்தை மண்ணை எரித்து எடையிழப்பால் கணிப்பவர்கள் 105 டிகிரியில் உலர்த்தி, 450 முதல் 550 டிகிரியில் சில மணி நேரம் எரிப்பார்கள். களிமண்ணில் அடங்கிய நீரும் சேர்ந்து போவதால் எண் சற்று மிகையாகவே வரும்.

கடற்புல், பாறை

கடற்புல் திட்டுக்கு மண் அள்ளுவது புல்லைப் பிடுங்குவதாகும். அங்கே சதுரச் சட்டம் ஒன்றைத் தரையில் வைத்துக் கண்ணால் மதிப்பிடுவதே முறை. பரவலான ஒரு வடிவம்: 50 மீட்டர் நீளமுள்ள மூன்று கயிறுகள், 25 மீட்டர் இடைவெளியில்; ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டர் சதுரச் சட்டம்; மொத்தம் 33. ஒவ்வொன்றிலும் புல் மூடிய சதவீதம், இனங்கள், இலையின் உயரம், இலைமேல் படர்ந்த பாசி. பாசி திடீரென்று கூடினால் ஊட்டச்சத்து பாய்கிறது என்று பொருள். புல் குறைவதற்கு முன்பே அது தெரிந்துவிடும். மதிப்பிடுகிறவர்கள் தொடங்குமுன் ஒரே சட்டத்தைப் பார்த்துத் தனித்தனியே எண் எழுதி ஒப்பிட வேண்டும். ஒருவர் 30, இன்னொருவர் 50 என்றால் அன்று வேலை தொடங்கத் தயாராக இல்லை. பாறைத்தரையிலும் பவளத்திலும் நாடா விரித்து, 50 செ.மீ.க்கு ஒரு புள்ளியில் கீழே என்ன இருக்கிறது என்று எழுதுவது எளிய வழி.

முடிவில் வைத்திருக்க வேண்டியவை: ஒவ்வொரு மாதிரிக்கும் இனவாரியான மூல அட்டவணை, ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு சான்று உயிர், நிராகரித்த கிராப்களின் பட்டியல், சல்லடைக் கண் அளவு. சான்றுப் புட்டிகளில் எத்தனால் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்த்து நிரப்புங்கள். பத்தாண்டு கழித்து ஒரு புழுவின் பெயர் மாறும்போது திரும்ப எடுத்துப் பார்க்க அவை தேவைப்படும்.